ஓரறை வீட்டுக்கு இரண்டு பேர்

ஜோகூர் பாரு
19.1.1997

அண்ணிக்கு,

கோகிலம் எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை. தொலைபேசியில் பேசியும் பயனில்லை. உங்கள் மகன் வீட்டுத் தொலைபேசி கூடத்தின் நடுவில் இருக்கிறது. நான் என்ன கேட்டாலும் "ம்", "ஆமா", "சரி, வச்சிடவா" என்று முடித்துவிடுகிறீர்கள். எனவே தபால்தலை வாங்கியிருக்கிறேன்.

இங்கே வீட்டுக்காரர் மகனுக்கு ஆவணியில் கல்யாணம். நான் இருக்கும் பின்னறை புதுப் பெண் மாப்பிள்ளைக்கு வேண்டுமாம். "அவசரமில்லக்கா, ஜூலை வரைக்கும் தாராளமா இருங்க" என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் வெளியே போகச் சொன்னாலும் வெளியேதான் போக வேண்டும்.

வேறு அறை தேடலாம். ஆனால் அண்ணி, தினமும் சிங்கப்பூருக்கு இந்தப் பாலம் தாண்டிப் போய்வந்தது எனக்குப் போதும். விடியுமுன் எழுந்து, சோதனைச் சாவடியில் வரிசை நின்று, மார்சிலிங் பள்ளிக்கூட உணவுக்கடையில் பாத்திரம் கழுவிவிட்டு, திரும்ப அதே வரிசையில் நின்று வருகிறேன். முட்டி ஒத்துழைக்க மறுக்கிறது. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், தினமும் விருந்தாளி மாதிரி போய்வருகிறேன்.

என்னோடு வேலை செய்கிற ஆ லெங் ஒன்று சொன்னாள். "நீ தனி ஆளா கேட்டா கஷ்டம் லா. உன்ன மாதிரி இன்னொரு பொம்பளய சேத்துக்க. ரெண்டு பேரும் சேந்து கவர்மெண்ட்ல ஓரறை வாடகை வீடு கேளுங்க." அவளும் அப்படித்தான் யாரோ ஓர் அம்மாவோடு தோ பாயோவில் இருக்கிறாள்.

முதலில் எங்கள் கடை மரியம்மாவை நினைத்தேன். அவள் குறட்டைக்கே தனி வீடு வேண்டும். பிறகு உங்களை நினைத்தேன்.

கோபப்படாமல் படியுங்கள். தீபாவளிக்கு வந்தபோது சோபாவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த மெத்தையைப் பார்த்தேன். மேலே உங்கள் பூப்போட்ட போர்வை. நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறேன். என்னோடு சேர்ந்து பேர் கொடுக்கிறீர்களா?

கோகிலம்


முருகன் துணை

ஈசூன்
27.1.1997

அன்பு நாத்தனார் கோகிலத்துக்கு அண்ணி பூங்காவனம் எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்தது. மருமகள் கிரிஜா பிரிக்காமல் தொலைக்காட்சிப் பெட்டி மேல் வைத்திருந்தாள். நான் குளியலறையில் வைத்துப் படித்தேன். எனக்கு என்ன குறை என்று இப்படி எழுதினாய்? உன் அண்ணன் போன பிறகு மதியழகன் என்னை ராணி மாதிரி வைத்திருக்கிறான். போன மாதம்கூட புதுச் செருப்பு வாங்கித் தந்தான். கோவில் குழுவில் அவனைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். மேடையில் பேசும்போது தாயைப் பற்றி அவன் பேசியதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்த பெண்கள் அழுதார்கள்.

மெத்தை விஷயம் நீ நினைப்பது போல இல்லை. பெரிய பேத்திக்கு இந்த வருஷம் தேர்வு. அவள் இரவில் விளக்குப் போட்டுப் படிப்பதால் நானாகத்தான் கூடத்துக்கு வந்தேன். பையன்கள் அறையில் மேலும் கீழுமாக இரட்டைக் கட்டில். கூடம் நல்ல காற்றோட்டம். மதி பந்து விளையாட்டுப் பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துவைப்பேன், மறுநாளுக்கு ஆகும். காலையில் யாரும் எழுவதற்கு முன்னால் மெத்தையைச் சுருட்டிவிடுவேன். விருந்தாளி வந்தால் பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா? இதெல்லாம் ஒரு கஷ்டமா?

ஆனால் உன்னை நினைத்தால் மனசு கேட்கவில்லை. உனக்கு யார் இருக்கிறார்கள்? உனக்காக நான் வருகிறேன். உனக்காக மட்டும். என் பெயரைப் போட்டுக்கொள். யாராவது கேட்டால் நாத்தனாருக்குத் துணைக்குப் போகிறேன் என்று சொல்வேன். நீயும் அப்படியே சொல்ல வேண்டும்.

முட்டிக்குக் கடுகெண்ணெய் காய்ச்சித் தேய்.

பூங்காவனம்


ஜோகூர் பாரு
9.2.1997

அண்ணிக்கு,

எனக்காகத்தான். உலகம் முழுக்க எனக்காகத்தான் என்று சொல்கிறேன், போதுமா?

சீனப் பெருநாளுக்கு முந்தின நாள் பள்ளி சீக்கிரம் விட்டதால் வீடமைப்புக் கழக அலுவலகத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டேன். மார்ச்சில் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்களாம். ஆ லெங் சொல்கிறாள், "அங்க அழ வேணாம், சண்ட போட வேணாம். கேட்டதுக்கு உள்ளத சொல்லு." அண்ணி, அதுதான் நான் உங்களிடம் கேட்பதும். உள்ளதைச் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். பிள்ளைகள் வீட்டில் இடம் இருக்கிறதா என்று கண்டிப்பாகக் கேட்பார்களாம். இருக்கிற ஆளுக்குக் கொடுத்தால் இல்லாத ஆளுக்கு எங்கே போவார்கள்?

இரண்டு பேருக்கும் ஒரே மனு. ஒருவருக்கு இல்லையென்றால் மற்றவருக்கும் இல்லை. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கோகிலம்


ஜோகூர் பாரு
6.4.1997

அண்ணிக்கு,

பதில் வந்துவிட்டது. உங்களுக்கும் ஒரு படி வந்திருக்கும். குடும்பத்தார் வீட்டில் தங்க வசதி இருப்பதால் இப்போது பரிசீலிக்க இயலாதாம். மரியாதையாக எழுதியிருக்கிறார்கள்.

மார்ச்சில் அந்த அலுவலகத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அங்கே வேலை பார்க்கிற அந்தத் தமிழ்ப் பிள்ளை எவ்வளவு பொறுமையாகக் கேட்டாள்.

"ஆண்டி, மகன் வீட்ல உங்களுக்கு என்ன சிரமம்?"

"சிரமமா? என் மகன் தங்கம்மா. நம்ம கோவில்ல செயலாளரு. நீ பாத்திருப்பியே."

"அப்புறம் ஏன் ஆண்டி வாடகை வீடு கேக்குறீங்க?"

"இவளுக்குத் துணைக்கு."

"உங்களுக்கு அங்க தனி ரூம் இருக்கா?"

"வீடே எனக்குத்தான்னு சொல்வான் என் பிள்ள."

நான் மேசைக்குக் கீழே உங்கள் காலை மிதித்தேன். நீங்கள் காலை நகர்த்திக்கொண்டு, பையிலிருந்து முறுக்கு எடுத்து நீட்டி, "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டீர்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வேறு நாளாக இருந்தால் வந்திருக்கும். அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டதை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். மகன் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார் என்று எழுதினாள். அவள் மேல் என்ன தப்பு?

அண்ணி, அண்ணன் வீட்டை விற்று மதிக்கு வீடு வாங்கியபோது விற்ற அந்த வீட்டில் ஓர் அறையில் நானும் இருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டினேன். அன்றைக்கு மகனுக்காக என் அறை போனது. இன்றைக்கு மகனுடைய பேருக்காக என் வீடும் போனது. எனக்கு ஜூலைதான் கெடு. உங்களுக்குக் கூடத்தில் காற்றோட்டம் இருக்கிறது.

கோகிலம்


முருகன் துணை

ஈசூன்
14.4.1997

கோகிலத்துக்கு,

நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய், உள்ளதைச் சொல் என்று. எதிரில் உட்கார்ந்திருந்தது சீனப் பெண்ணாக இருந்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நம் பிள்ளை. நெற்றியில் திருநீறு. அந்தப் பெண்ணுடைய அம்மாவை நான் வெள்ளிக்கிழமை கோவிலில் பார்க்க மாட்டேனா? "செயலாளர் மதியழகனோட அம்மா ஹால்ல படுக்குறாங்களாம்" என்று அது ஒரு வாய் மாறினால் போதும். அவன் மேடையில் எப்படி நிற்பான்? பெற்ற வாயால் அதை எப்படிச் சொல்வது? சொல்லலாம் என்றுதான் வந்தேன் கோகிலா. பேருந்தில் வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். வாயைத் திறந்தால் தங்கம் என்று வருகிறது.

நீ மேசைக்குக் கீழே மிதித்தாய். உனக்கு வீடு மட்டும்தான் தெரிந்தது. பெற்றிருந்தால் தெரிந்திருக்கும் உனக்கு.

பூங்காவனம்


ஜோகூர் பாரு
20.4.1997

அண்ணிக்கு,

பெற்றவளுக்குத் தெரிந்ததை எழுதிவிட்டீர்கள். பெறாதவளுக்குத் தெரிந்தது, படுக்க இடம் வேண்டும் என்பதுதான்.

உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்து மருத்துவமனையில் கிடந்தபோது மதியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவள் நான். இதைச் சொல்லிக்காட்ட மாட்டேன் என்று நினைத்திருந்தேன். சொல்ல வைத்துவிட்டீர்கள்.

வேறோர் ஆளைப் பார்த்துவிட்டேன். அவளோடு சேர்ந்து புதிதாக மனுப் போடுகிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

கோகிலம்


முருகன் துணை

ஈசூன்
19.5.1997

கோகிலா,

பதில் எழுத வேண்டாம் என்றாய், நான் எழுதவில்லை. இது வேறு கடிதம்.

அந்த வார்த்தை தப்பு. எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்ட பிறகு பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை உள்ளே போகவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணி என்ற முறையில் இல்லை, பூங்காவனமாகக் கேட்கிறேன்.

போன வாரம் தனியாக ரயில் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, ஒரு மலாய்ப் பையனிடம் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். அதே பிள்ளைதான் இருந்தாள். என்னை நினைவு வைத்திருந்தாள்.

"என்ன ஆண்டி, இன்னிக்கு முறுக்கு இல்லையா?"

"நான் அன்னிக்குச் சொன்னது சரியில்லம்மா."

"எது ஆண்டி சரியில்ல?"

வாய் மறுபடி அடைத்துக்கொண்டது. அவள் காத்திருந்தாள். பின்னால் இருந்தவர்கள் கையிலிருந்த வரிசை எண்ணைப் பார்த்துப் பார்த்து என்னை முறைத்தார்கள். கடைசியில், "நீ வீட்டுக்கு வந்து பாரும்மா" என்று மட்டும் சொன்னேன். வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மாலை வருவதாக முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். மதிதான் எடுத்துப் பேசினான். அதன் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பையன்கள் அறையில் என் சாமி படத்தைக் கொண்டுபோய் மாட்டினான். என் போர்வையைக் கீழ்க் கட்டிலில் விரித்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளை வந்ததும், "வாங்க வாங்க, பசியாறுங்க" என்று பெரிய உபசாரம். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான்.

"இதுதான் அம்மா ரூம். அத்தைக்கு உதவி பண்ணணும்னு அம்மாவுக்கு ஆச, அதான் இதெல்லாம். அம்மா எங்கயும் போகமாட்டாங்க."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் நான் தலையாட்டத்தான் இருந்தேன்.

கிரிஜா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சோபாவை ஒரு பக்கம் இழுத்தாள். பின்னால் இருந்த மெத்தையை எடுத்துக் கூடத்தின் நடுவில் உருட்டிவிட்டாள். உனக்குத் தெரியும், நடுவில் பள்ளம் விழுந்து என் அளவுக்கே ஆகிப்போன மெத்தை.

"அது பசங்க ரூம். அத்த இங்க படுக்கிறாங்க. எல்லாரும் தூங்கினப்புறம் படுத்து, எல்லாரும் முழிக்கிறதுக்கு முன்னாடி எந்திரிக்கிறாங்க."

மதி, "கிரிஜா, உள்ள போ" என்றான்.

அவள் போகவில்லை. அந்தப் பிள்ளையிடம் சொன்னாள், "இங்க சண்டைன்னு இருந்தாத்தான் இவங்களுக்கு வீடு கெடைக்கும்னா, மருமக தொரத்திட்டான்னே எழுதிக்குங்க. ஊர்ல எப்படியும் அப்படித்தான் சொல்லப்போறாங்க. எனக்குப் பரவால்ல."

கோகிலா, இந்தப் பெண்ணைப் பற்றி நானும் நீயும் எத்தனை தீபாவளிக்குச் சமையலறையில் குசுகுசுத்திருப்போம். உப்புப் போடத் தெரியாது, பேச்சில் இனிப்புக் கிடையாது, மாமியாரைக் கூடத்தில் போட்டுவிட்டாள் என்று. என் பிள்ளையைச் சொல்ல வராத வாய்க்கு அவளைச் சொல்ல நன்றாகவே வந்தது. இப்போது அவளே அதைத் தட்டில் வைத்து நீட்டுகிறாள். மருமகள் துரத்திவிட்டாள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உனக்கும் எனக்கும் வீடு, மதிக்கும் மரியாதை, யாருக்கும் ஆச்சரியம் இருக்காது.

அந்தப் பிள்ளை கேட்டாள், "அப்படியா ஆண்டி? மருமகளோட பிரச்சினையா?"

நான் சொன்னேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, ஆனால் நிதானமாகத்தான் சொன்னேன்.

"மருமக தொரத்தல. அவ மேல ஒண்ணும் எழுதாதம்மா. என் மகன் வீட்ல எனக்கு எடம் இல்ல. அத அவன்தான் சொல்லணும். அவனால முடியல. அதான் நான் சொல்றேன்."

மதி மாடத்துக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். காயப்போட்ட துணிக்கு நடுவில் அவன் முதுகு உன் அண்ணன் முதுகு மாதிரியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அந்தப் பிள்ளை கிரிஜா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, மெத்தையைச் சுற்றி நடந்து போனாள்.

நீ வேறோர் ஆளோடு மனுப் போட்டிருந்தால் அதுவே நல்லது, உனக்கு நடக்கட்டும். போடவில்லையென்றால் என் பெயர் இன்னும் உன் பெயருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தத் தடவை உனக்காக இல்லை. எனக்கு வேண்டும்.

பூங்காவனம்


தோ பாயோ
6.7.1997

அண்ணிக்கு,

மேலே எழுதியிருக்கும் ஊரைப் பாருங்கள். பாலம் இல்லை, வரிசை இல்லை. மார்சிலிங் போக இப்போதும் தூரம்தான், ஆனால் உட்கார்ந்து போகிற தூரம்.

வேறோர் ஆள் என்று எழுதினேனே, அப்படி யாரும் கிடையாது. மரியம்மாவைக்கூடக் கேட்கவில்லை. கோபத்தில் எழுதினேன். நீங்களும் நம்பிவிட்டீர்கள், அதில் எனக்கு வருத்தம்தான்.

நம் பழைய மனுவையே திரும்ப எடுத்து வீடு கொடுத்தார்களே, கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நீங்கள் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டு, "நாலு நாள்ல வர்றேன்" என்றீர்கள். நாலு நாள் எப்போதோ போய்விட்டது. வீட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரே அறை. பின்னால் சமையல் மேடை, அதற்குப் பக்கத்தில் குளியலறை. சன்னலோரம் உங்களுக்கு, சுவரோரம் எனக்கு. நடுவில் திரை போடலாமா வேண்டாமா என்று நீங்கள் வந்த பிறகு பேசிக்கொள்வோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா முதல் நாளே வாழைப்பழப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் வானொலியை அலறவிடுகிறார். அதை நீங்கள் வந்து கேளுங்கள், உங்களுக்குத்தான் பேசி வேலை வாங்கத் தெரியும்.

போன ஞாயிறு யார் வந்தது தெரியுமா? கிரிஜா. வாளி, துடைப்பம், கிருமி மருந்து எல்லாம் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்திருக்கிறாள். "தரையைத் தேச்சுட்டுப் போறேன் சித்தி, அத்தைக்கு வழுக்கும்" என்று குளியலறையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கிருமி மருந்து நெடிக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் கொண்டுவந்த சாம்பாரைச் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது அண்ணி. இத்தனை வருஷம் நாம் எதைச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொன்னோம் என்று தெரியவில்லை.

போகும்போது சொன்னாள், "அவர் பேசமாட்டேங்கிறாரு சித்தி. அதப் பாத்துட்டு அத்த தயங்குறாங்க. நானும் போங்கன்னு சொன்னா தொரத்துற மாதிரி ஆயிடும். நீங்க எழுதுங்க."

எழுதிவிட்டேன். இரண்டு பேருக்குக் கொடுத்த வீட்டில் ஒருத்தி மட்டும் இருந்தால் எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். எனக்கே பயமாக இருக்கிறது. எப்போது வருகிறீர்கள்?

கோகிலம்


முருகன் துணை

ஈசூன்
14.7.1997

கோகிலா,

வெள்ளிக்கிழமை வருகிறேன். ராகுகாலம் கழித்து வருவேன், நீ காலையிலேயே வாசலில் நிற்காதே. மெத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிரிஜா புதுப் பாய் வாங்கிவைத்திருக்கிறாள். திரையும் வேண்டாம். கூடத்தில் எல்லார் கண்ணிலும் படாமல் படுத்துப் பழகிவிட்டேன், உன் ஒருத்தி கண்ணில் பட்டால் என்ன போகிறது.

மதி அந்த வியாழக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான், எழுந்து போவான். கோவில் குழுக் கூட்டத்துக்கும் போகவில்லை. அதனால்தான் நாள் தள்ளிக்கொண்டே இருந்தேன். பேசிய பிறகு கிளம்பலாம் என்றிருந்தேன்.

நேற்று உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லார் எதிரிலும் வைத்துப் படித்தேன். படித்து முடித்து, "வெள்ளிக்கிழம கோகிலா வீட்டுக்குப் போறேன்பா" என்றேன். பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். அவன் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க போனா என்னப் பத்தி என்னம்மா பேசுவாங்க?"

"பேசுவாங்கப்பா. அப்புறம் வேற எதையாவது பேசுவாங்க."

தட்டில் மிச்சமிருந்த சோற்றை விரலால் ஓரத்துக்குத் தள்ளினான். கோபத்தில் இருக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டான், சின்னப் பிள்ளையில் கேட்பானே, அந்தக் குரலில்.

"புது எடம். அங்க உங்களுக்குத் தூக்கம் வருமாம்மா?"

தங்கம் என்று வருகிற வாய்தான் கோகிலா. அதற்கும் ஏதாவது இனிப்பாகச் சொல்லி அவனை அனுப்பியிருக்கலாம். என் பிள்ளை, பெரிய மனுஷன், கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறான்.

"வரும்ப்பா" என்றேன். "இங்கதான் வரல."

பூங்காவனம்